இரு ஃபோட்டான் உட்கவர்தலில் லேசரின் வரியகலம் என்ன செய்கிறது?

ருபிடியம் ஆவி அடைத்த ஒரே செல். அதே வெப்பநிலை, அதே லேசர் திறன், அதே கற்றை விட்டம். மாற்றுவது லேசரை மட்டும். இரண்டு லேசர்களின் விவரத்தாளிலும் வரியகலம், அதாவது ஒளியின் அதிர்வெண் பரவியிருக்கும் அகலம், 1 மெகாஹெர்ட்ஸ் என்றே போட்டிருக்கிறது. ஒன்றில் எடுத்த இரு ஃபோட்டான் வரி 1.2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வருகிறது, மற்றொன்றில் 2.3 மெகாஹெர்ட்ஸ். உயரத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். விவரத்தாள்கள் இரண்டும் சரிதான். செல்லிலும் குறை இல்லை. இது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் உட்கவர்தலின் வலிமையை அளந்தால், கிடைக்கும் எண்ணில் பாதிக்கு மேல் லேசரின் குணம்தான் இருக்கும், அணுவின் குணம் இருக்காது.

இயற்பியல் இளங்கலை அளவுக்குத் தெரிந்தவர்களுக்காக, ருபிடியத்தையே எடுத்துக்காட்டாக வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு ஃபோட்டான், ஒரு தாவல்

மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றலை ஓர் அணு ஒரே ஃபோட்டானிடம் வாங்காமல், இரண்டு ஃபோட்டான்களிடம் ஒரே சமயத்தில் வாங்கிக்கொள்வதுதான் இரு ஃபோட்டான் உட்கவர்தல். இது நடக்க முடியும் என்று மரியா கெப்பர்ட்-மாயர் 1931-ல் வெளியான தன் ஆய்வில் கணக்கிட்டுக் காட்டினார். சோதித்துப் பார்க்க லேசர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1961-ல் கைசரும் காரெட்டும் யூரோப்பியம் கலந்த கால்சியம் ஃபுளோரைடு படிகத்தில் இதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஏபெல்லா சீசியம் ஆவியில், அதாவது தனித்தனி அணுக்களில், கண்டார்.

ஒரே ஒரு அலைநீளத்தில் லேசர் விட்டால், தாவல் வீதம் ஒளிச்செறிவின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். செறிவை இரட்டித்தால் சமிக்ஞை நான்கு மடங்கு.

ருபிடியத்தில் எல்லோரும் பயன்படுத்தும் தாவல், தரைநிலை 5எஸ்-இலிருந்து மொத்தக் கோண உந்தம் 5/2 உள்ள 5டி நிலைக்குப் போவது. இரண்டு ஃபோட்டான்களுக்கும் அலைநீளம் 778.1 நானோமீட்டர். நடுவில் 5பி நிலை, 780.2 நானோமீட்டருக்கு உரிய இடத்தில், ஏறக்குறைய 1 டெராஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. அணு அதில் கால் வைப்பதில்லை. ஆனாலும் அது அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் தாவலின் வலிமை பல மடங்கு கூடுகிறது. சில பத்து மில்லிவாட் டயோடு லேசரே போதுமென்பது இதனால்தான். கிளர்ந்த அணுக்களில் ஒரு பகுதி 6பி நிலை வழியாக இறங்கி 420 நானோமீட்டரில் நீல ஒளி விடும். 778-ஐத் தடுத்து 420-ஐ மட்டும் விடும் ஒரு ஃபில்டர், பின்னால் ஒரு ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்: அளவிடத் தேவையான கண் இவ்வளவே. லேசரும் சமிக்ஞையும் வெவ்வேறு நிறம் என்பது பெரிய வசதி.

டாப்ளர் விளைவு எங்கே போனது?

செல்லை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் போதிய அடர்த்தியில் ஆவி கிடைக்கும். அந்த வெப்பத்தில் அணுக்கள் ஓடும் வேகத்தால், 778 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் அவற்றுக்குச் சுமார் 570 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சிதறித் தெரியும். இந்தச் சேற்றில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் விவரத்தைத் தேட முடியாது.

வழி ஒன்று உண்டு. கற்றையை ஒரு கண்ணாடியில் மோதவிட்டு அதே பாதையில் திருப்பி அனுப்பினால், ஓர் அணு ஒரு ஃபோட்டானை முன்னாலிருந்தும் மற்றொன்றைப் பின்னாலிருந்தும் எடுக்கலாம். ஒன்றின் அதிர்வெண் எவ்வளவு ஏறித் தெரிகிறதோ அவ்வளவே மற்றொன்று இறங்கித் தெரியும். கூட்டிப் பார்த்தால் வேகம் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. எந்த வேகத்தில் ஓடும் அணுவும் ஒரே லேசர் அதிர்வெண்ணில் ஒத்திசையும். 1970-ல் வாசிலென்கோ, செபோதாயெவ், ஷிஷாயெவ் ஆகியோர் முன்வைத்த இந்த யோசனையை 1974-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே சோடியம் ஆவியில் செய்து காட்டின.

இரண்டு ஃபோட்டான்களையும் ஒரே பக்கத்திலிருந்து எடுக்கும் அணுக்களும் உண்டு. அவை கூர்மையான முகட்டுக்கு அடியில் 570 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் தாழ்ந்த ஒரு மேடையாகப் பரவிக் கிடக்கும். இரு கற்றைகளும் சமவலிமை, ஒரே தளவிளைவு (மின்புலம் அதிரும் திசை) என்றால் முகட்டின் பரப்பு மேடையின் பரப்பைப் போல இரு மடங்கு. லேசரின் வரியகலம் 5 மெகாஹெர்ட்ஸ் ஆனாலும் இந்த மேடை அசையாது. முகடு மட்டும் படுத்துவிடும். முகடும் மேடையும் வெவ்வேறாக நடந்துகொள்வதே, பழுது லேசரிலா அடர்த்தியிலா என்று பிரித்தறிய உதவும். அடர்த்தி குறைந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும்.

எந்த அச்சில் சொல்கிறீர்கள்?

இங்கே ஒரு கணக்குப் பிழை வழக்கமாக நடக்கிறது. லேசரை 1 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தினால் இரு ஃபோட்டான்களின் கூட்டு அதிர்வெண் 2 மெகாஹெர்ட்ஸ் நகரும். ஆகவே எந்த அகலத்தையும் லேசர் அச்சில் ஒரு எண்ணாலும், கூட்டு அச்சில் அதன் இரட்டிப்பாலும் சொல்லலாம். 5டி நிலையின் ஆயுட்காலம் ஏறக்குறைய 240 நானோநொடி. அதிலிருந்து வரும் இயல்பு அகலம் கூட்டு அச்சில் சுமார் 667 கிலோஹெர்ட்ஸ், லேசர் அச்சில் 333. இரண்டும் ஒன்றே. இனி வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த அச்சு என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். ஆய்வுக் குறிப்பேட்டிலும் அப்படி எழுதி வைப்பது நல்லது. அகலம் என்று சொல்வதெல்லாம் பாதி உயரத்தில் எடுத்த முழு அகலம்.

முகடு தாழும், பரப்பு தாழாது

லேசர் ஒளி ஒரே அதிர்வெண்ணில் இல்லாமல் சற்றுப் பரவியிருந்தால், எந்தக் கணத்திலும் அதன் ஒரு பகுதிதான் அணுவோடு ஒத்திசைகிறது. ஆகவே உச்சியில் சமிக்ஞை குறையும். ஆனால் லேசரை உச்சியிலிருந்து சற்று விலக்கினாலும் ஏதோ ஒரு பகுதி ஒத்திசைந்துகொண்டே இருக்கும். பக்கங்களில் சமிக்ஞை கூடும். ஒரு படி நெல்லைக் குறுகிய இடத்தில் கொட்டினாலும் அகலமாகப் பரப்பினாலும் குவியலின் உயரம்தான் மாறும், படி மாறாது. வரியின் பரப்பும் அப்படித்தான். கிளர்ச்சி மெலிதாக இருக்கும்வரை, அதாவது தரைநிலை காலியாகத் தொடங்காதவரை, இது சரி.

இதனால்தான் இரு ஃபோட்டான் குறுக்குவெட்டை, அதாவது உட்கவர்தல் எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதன் அளவை, இரண்டு காரணிகளாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒன்று அணுவுக்கே உரிய வலிமை. அதன் அலகு சென்டிமீட்டரின் நான்காம் படி. மற்றொன்று வரிவடிவச் சார்பு. அதன் அலகு நொடி, அதன் பரப்பு எப்போதும் 1. லேசரின் வரியகலம் இரண்டாவதில் மட்டும்தான் நுழைகிறது. உச்சி மதிப்பை மட்டும் அளந்து வெளியிட்டால் இரண்டும் கலந்த ஒரு எண் வெளியாகும். இன்னொரு ஆய்வகத்தில் அது திரும்ப வராது.

ஏன் சில நேரம் 2, சில நேரம் 4?

தொடக்கத்தில் சொன்ன புதிருக்கு விடை இங்கேதான். ஒற்றை ஃபோட்டான் தாவலில் அணு பார்ப்பது லேசரின் மின்புலத்தை. இரு ஃபோட்டான் தாவலில் அது பார்ப்பது மின்புலத்தின் இருபடியை. இருபடி எடுக்கும்போது கட்டம் இரட்டிக்கும். லேசரின் கட்டம் எவ்வளவு தள்ளாடுகிறதோ அதைப் போல இரு மடங்கு தள்ளாட்டத்தை அணு உணர்கிறது. அந்தத் தள்ளாட்டம் எந்த வகை என்பதைப் பொறுத்து அகலம் வேறு வேறாகப் பெருகும்.

முதல் வகை, வேகமான வெள்ளை இரைச்சல். தன்னிச்சை உமிழ்வால் டயோடு லேசரில் இயல்பாகவே வருவது இதுதான். கட்டம் குடிகாரன் நடைபோல் முன்னும் பின்னும் அலையும். அதன் விலகலின் இருபடிச் சராசரி நேரத்தோடு சீராக வளரும். அது ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போது லேசர் தன் பழைய கட்டத்தை மறந்துவிட்டது என்கிறோம். கட்டம் இரட்டித்தால் இருபடிச் சராசரி நான்கு மடங்காகும். மறக்கும் நேரம் கால்வாசியாகச் சுருங்கும். கூட்டு அச்சில் அகலம் நான்கு மடங்காகும். லேசர் அச்சுக்கு மாற்றினால் இரு மடங்கு. வரிவடிவம் லாரன்ட்ஸியன். இயல்பு அகலமும் லாரன்ட்ஸியனே என்பதால் இரண்டையும் நேராகக் கூட்டிவிடலாம்.

இரண்டாம் வகை, மெதுவான நடுக்கம். மேசை அதிர்வு, மின்னோட்ட மூலத்தின் ஏற்ற இறக்கம், லேசர் குழியின் நீளத்தை மின்னழுத்தத்தால் மாற்றும் பீசோவின் ஒலி போன்றவற்றால் வருவது. எந்தக் கணத்திலும் லேசர் கூர்மையாகத்தான் இருக்கிறது. அந்தக் கூர்மையான அதிர்வெண் இடம்விட்டு இடம் நகர்கிறது, அவ்வளவே. லேசர் 1 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தால் கூட்டு 2 மெகாஹெர்ட்ஸ் நகரும். கூட்டு அச்சில் இரு மடங்கு, லேசர் அச்சில் ஒரு மடங்கு. வடிவம் காஸியன், இயல்பு அகலத்தோடு சேரும்போது வாய்க்ட் வடிவம் கிடைக்கும்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளை இரைச்சலால் 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள லேசர்: லேசர் அச்சில் 333 கூட்டல் 2000, அதாவது 2.33 மெகாஹெர்ட்ஸ். உச்சி உயரம், வரியகலமே இல்லாத லேசர் தரும் உயரத்தில் 14 விழுக்காடு. மெதுவான நடுக்கத்தால் 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள லேசர்: வாய்க்ட் வடிவத்தின் அகலம் 1.19 மெகாஹெர்ட்ஸ், உச்சி உயரம் 37 விழுக்காடு. புதிர் அவிழ்ந்தது.

வெள்ளை இரைச்சல் வகையில் இன்னும் சில எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். லேசரின் வரியகலம் 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் உச்சியில் 94 விழுக்காடு தங்கும். 100 கிலோஹெர்ட்ஸில் 63 விழுக்காடு. 5 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிட்டால் வெறும் 3 விழுக்காடு. 100 கிலோஹெர்ட்ஸ் என்பது வெளிக்குழி டயோடு லேசரில் நல்ல எண்தான். இயல்பு அகலத்தைவிட மிகக் குறைவு என்று நம்பி அதை விட்டுவிடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சமிக்ஞையைத் தொலைத்துவிட்டு, ஆவி அடர்த்தியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இரு ஃபோட்டான்களும் தனித்தனி லேசர்களிலிருந்து வந்தால் கட்டங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. அப்போது இந்த நான்கு மடங்கு கணக்கு வராது. வெள்ளை இரைச்சலில் இரண்டு அகலங்களையும் நேராகக் கூட்டினால் போதும். அப்படியானால் திருப்பி அனுப்பிய கற்றையும் சற்றுத் தாமதமாகத்தானே வருகிறது என்று கேட்கலாம். 1 மெகாஹெர்ட்ஸ் லேசரின் ஒத்திசைவு நீளம் 95 மீட்டர் அளவில். கண்ணாடி செல்லிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அந்தத் தாமதம் ஒன்றுமே இல்லை. நான்கு மடங்குதான்.

1556-லிருந்து வரும் 778

தொலைத்தொடர்பு இழைகளின் அலைவரிசையில் 1556.2 நானோமீட்டரில் கூர்மையான லேசர்களும் நல்ல இழைப் பெருக்கிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. அதன் அதிர்வெண்ணை ஒரு லித்தியம் நியோபேட் படிகத்தில் இரட்டித்து அலைநீளத்தை 778 ஆக்குவது இப்போது பரவலான வழி. ஆனால் அதிர்வெண் இரட்டிப்பும் மின்புலத்தை இருபடியாக்குவதுதான். வெள்ளை இரைச்சலால் 10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 1556 லேசர், 778-ல் 40 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். அணுவின் கூட்டு அச்சில் 160. விவரத்தாளில் இருக்கும் எண் மூல லேசருக்கு உரியது என்பதை மறந்தால் பதினாறு மடங்கு தவறு.

லாக் போட்ட லேசரின் மறைவான குறை

லேசரின் அதிர்வெண்ணை, எதிரெதிர்க் கண்ணாடிகளாலான ஓர் ஒளிக்குழியோடு பின்னூட்டத்தால் பூட்டினால், அதாவது லாக் செய்தால், நடுவரி கூர்மையாகும். பின்னூட்டம் தாங்க முடியாத அதிர்வெண்ணில், பெரும்பாலும் நடுவரியிலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, இருபக்கமும் இரண்டு புடைப்புகள் எழும். மொத்தத் திறனில் 90 விழுக்காடு நடுவரியில் இருந்தால் நல்ல லாக் என்றே தோன்றும். கட்டம் இரட்டித்தபின் நடுவரியில் மிஞ்சும் பங்கு 0.9-ன் நான்காம் படி, அதாவது 66 விழுக்காடு. மீதி மூன்றில் ஒரு பங்கு புடைப்புகளுக்குப் போய்விடும்.

இதில் வரி அகலமாவதே இல்லை. அழகாக, கூர்மையாக நிற்கும். உயரம் மட்டும் குறைந்திருக்கும். அகலத்தைப் பார்த்து லேசர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டினால் குறுக்குவெட்டு மூன்றில் ஒரு பங்கு குறைவாக வரும். காணாமல் போன பரப்பைத் தேட வேண்டிய இடமும் சற்று ஏமாற்றும்: 1 மெகாஹெர்ட்ஸில் உள்ள புடைப்பு லேசர் அச்சில் முகட்டிலிருந்து அரை மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தெரியும், கூட்டு அச்சில்தான் அது முழு மெகாஹெர்ட்ஸ். லாக்கின் பெருக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். முகடு உயர்ந்தால் இதுதான் காரணம்.

லேசரின் வரியகலத்தை அளப்பது

விவரத்தாளில் வரியகலம் மட்டும் இருந்து அளந்த நேரம் இல்லை என்றால் அந்த எண்ணால் பயன் குறைவு. 5 மைக்ரோநொடியில் அளந்ததும் 1 நொடியில் அளந்ததும் ஒரே லேசருக்கே பல மடங்கு மாறும்.

நமக்குத் தேவையான நேரத்தை ஸ்கேன் வேகமே தீர்மானிக்கிறது. லேசர் அச்சில் 10 மெகாஹெர்ட்ஸை 1 நொடியில் கடந்தால், 333 கிலோஹெர்ட்ஸ் அகலத்தைக் கடக்க 33 மில்லிநொடி ஆகும். அதைவிட மெதுவான நடுக்கம் வரியை அகலமாக்காது. வரியை அங்குமிங்கும் நகர்த்தும், சாய்க்கும். ஆனால் நூறு ஸ்கேன்களை அப்படியே சராசரி எடுத்தீர்களானால் அந்த நகர்வும் அகலமாகவே வந்து சேரும். ஒவ்வொரு ஸ்கேனையும் தனியே பொருத்தி, மையங்களை ஒன்றாக்கிய பிறகு சராசரி எடுக்க வேண்டும்.

அளக்கும் முறைகளில் பெயர்பெற்றது, கற்றையைப் பிரித்து ஒரு பாதியை நீண்ட இழையில் தாமதப்படுத்தி, மறுபாதியை 80 மெகாஹெர்ட்ஸ் ஒலி-ஒளிப் பண்பேற்றியில் நகர்த்தி, இரண்டையும் கலந்து விம்மலை, அதாவது அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தில் எழும் துடிப்பை, பார்ப்பது. தாமதம் ஒத்திசைவு நேரத்தைத் தாண்டியிருந்தால், விம்மலின் அகலம் வெள்ளை இரைச்சல் லேசருக்கு வரியகலத்தைப் போல இரு மடங்காக வரும். 1556-ல் 10 கிலோமீட்டர் இழை போடலாம். 778-ல் இழையின் இழப்பே கிலோமீட்டருக்கு 3, 4 டெசிபல் என்பதால் நீளம் கட்டுப்படியாகாது. அங்கே இரண்டு லேசர்களின் விம்மல், அல்லது ஃபாப்ரி-பெரோ ஒளிக்குழியின் ஒத்திசைவு முகட்டுச் சரிவில் லேசரை நிறுத்தி அதிர்வெண் இரைச்சல் நிறமாலையை நேராக எடுப்பது நடைமுறைக்கு உகந்தது.

நிறமாலையாக எடுப்பதே எல்லாவற்றிலும் மேல் என்பேன். ஒரே எண்ணில் அடங்காத விவரம் அதில் இருக்கிறது. இரைச்சல் அடர்த்தியை ஹெர்ட்ஸுக்கு ஹெர்ட்ஸ் இருபடி என்ற அலகில் வரைந்து, அதன்மேல் பண்பேற்ற அதிர்வெண்ணின் 0.56 மடங்காக ஏறும் ஒரு நேர்கோட்டை வரையுங்கள். இதற்குப் பீட்டா பிரிப்புக் கோடு என்று பெயர். கோட்டுக்கு மேலே உள்ள இரைச்சல்தான் வரியை அகலமாக்கும். கீழே உள்ளது வால்களுக்கு மட்டும் போகும். வெள்ளை இரைச்சல் மட்டும் என்றால் அந்தத் தட்டையான மட்டத்தை π-ஆல் (பை) பெருக்கினால் வரியகலம். இரு ஃபோட்டான் கணக்குக்கு நிறமாலை முழுவதையும் நான்கால் பெருக்கிவிட்டு அதே கோட்டோடு மறுபடி ஒப்பிட வேண்டும். 2 மடங்கா 4 மடங்கா என்று நாமே முடிவெடுக்க வேண்டியதில்லை; நடுவில் விழும் உண்மையான லேசர்களுக்கும் சரியான விடை தானாக வரும்.

லேசர்மேல் பழி போடும் முன்

வரியை அகலமாக்க வேறு ஆட்களும் இருக்கிறார்கள். இந்த எண்கள் எல்லாம் கூட்டு அச்சில், 100 டிகிரி செல்சியஸுக்கு.

கற்றையைக் குறுகலாகக் குவித்தால் அணு அதைக் கடக்கும் நேரம் குறையும். ஆரம் 100 மைக்ரோமீட்டர் என்றால் கடப்பு அகலம் 590 கிலோஹெர்ட்ஸ், இயல்பு அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். வடிவம் நுனி கூர்ந்த கூடாரம் போல இருக்கும். ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் 59 கிலோஹெர்ட்ஸ்தான், ஆனால் செறிவு நூறில் ஒன்றாகிவிடும்.

திரும்பி வரும் கற்றை சரியாக எதிர்த்திசையில் வராவிட்டால் டாப்ளர் மிச்சம் இருக்கும். 1 மில்லிரேடியன் சாய்வு, அதாவது 1 மீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர் விலகல், 570 கிலோஹெர்ட்ஸைச் சேர்க்கும். இது லேசர் வரியகலம் போலவே வேடம் போடும். முகட்டைத் தாழ்த்தும், பரப்பைத் தொடாது. கற்றையை ஒரு சிறு துளை வழியே அனுப்பி, திரும்பியது அதே துளையில் நுழைகிறதா என்று பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

பூமியின் காந்தப்புலம், அரை காஸ் அளவில், ருபிடியம்-87-ன் வலுவான வரியின் துணைக்கூறுகளை மையத்திலிருந்து இருபக்கமும் 350 கிலோஹெர்ட்ஸ் வரை பிரிக்கும். மியூ-மெட்டல் உறை ஒன்று போட்டுவிட்டால் அடங்கும். சூடாக்கும் கம்பியை இரட்டையாக முறுக்கிச் சுற்றாவிட்டால் அந்த மின்னோட்டமே உறைக்குள் புலத்தை உண்டாக்கும். பழைய செல்களில் கண்ணாடி வழியே கசிந்த ஹீலியமும் அகலம் சேர்க்கும். செறிவு கூடினால் நிலைகளே நகரும், அதுவும் கற்றையின் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. வரி சாய்ந்து தெரிந்தால் திறனைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும்.

இனி அளப்போம்

20 முதல் 50 மில்லிவாட், கற்றை ஆரம் 300 மைக்ரோமீட்டர் என்று தொடங்கலாம். கடப்பு அகலம் அப்போது 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். செல்லின் காம்புப் பகுதி சன்னல்களைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ருபிடியம் சன்னலில் படிந்து கற்றையைத் தின்னும். அடர்த்தியைத் தீர்மானிப்பது அந்தக் குளிர்ந்த புள்ளியின் வெப்பநிலை என்பதால், வெப்பமானியை அங்கே ஒட்டுங்கள்.

திருப்பி அனுப்பிய கற்றை நேராக லேசருக்குள் போகும் அமைப்பு இது. டயோடு லேசர் அதைத் துளிகூடப் பொறுக்காது. வரியகலம் தாறுமாறாக மாறும், லேசர் ஓர் அதிர்வு முறையிலிருந்து (mode) இன்னொன்றுக்குத் தாவும். ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் 30 டெசிபல் ஐசொலேட்டர் ஒன்று பெரும்பாலும் போதாது, இரண்டு வரிசையாக வேண்டும். கண்ணாடியை மறைத்தும் திறந்தும் விம்மலைப் பார்த்தால், அகலம் மாறுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். செல் இல்லாமல் அளந்த வரியகலம் செல்லோடு அளக்கும்போதும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

முதல் சோதனை, திறனை மாற்றிச் சமிக்ஞையை மடக்கை அச்சுகளில் வரைவது. சரிவு 2 வர வேண்டும். 1-ஐ நோக்கிப் போனால் சிதறிய ஒளி ஃபில்டரைத் தாண்டி வருகிறது. அதிகத் திறனில் மட்டும் 2-க்குக் கீழே வளைந்தால் கிளர்ச்சி மெலிதாக இல்லை, பரப்பு பற்றிய வாதமும் அங்கே செல்லாது.

அதிர்வெண் அளவுகோல் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ருபிடியம்-87-ல் 5டி நிலையின் நுண்பிளவில் (அணுக்கருவின் சுழற்சியால் நிலை சில துணைநிலைகளாகப் பிரிவதில்) முதல் இரண்டு வரிகளுக்கு இடைவெளி கூட்டு அச்சில் 28.8 மெகாஹெர்ட்ஸ், லேசர் அச்சில் 14.4. பீசோவின் மின்னழுத்தத்தை இதை வைத்து அதிர்வெண்ணாக மாற்றலாம்.

பரப்பை எடுப்பதில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. லாரன்ட்ஸியனின் வால் நீளம். 95 விழுக்காடு பரப்பைப் பிடிக்க அகலத்தைப் போல 12.7 மடங்கு சன்னல் வேண்டும். 2.33 மெகாஹெர்ட்ஸ் வரிக்கு அது கிட்டத்தட்ட 30 மெகாஹெர்ட்ஸ், அதற்குள் 14.4 மெகாஹெர்ட்ஸில் அடுத்த வரி வந்துவிடுகிறது. ஆகவே வெறுமனே தொகைகாண்பது தவறு. நான்கு நுண்பிளவு வரிகளையும் ஒரே அகலத்தோடு சேர்த்துப் பொருத்தி, அடியில் மேடையையும் ஒரு மாறியாக விட்டு, பொருத்தத்திலிருந்து பரப்பை எடுக்க வேண்டும்.

லேசரின் பங்கைப் பிரிக்க நம்பகமான வழி, வேண்டுமென்றே இரைச்சல் ஏற்றுவது. வெள்ளை இரைச்சலை டயோடின் மின்னோட்டத்தில் அளவோடு கலந்து, ஒவ்வொரு அளவுக்கும் லேசரின் அகலத்தையும் இரு ஃபோட்டான் வரியின் அகலத்தையும் எடுங்கள். லேசர் அச்சில் ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை வரைந்தால் சரிவு 2 உள்ள நேர்கோடு வர வேண்டும். அதைச் சுழிவரை நீட்டினால் வெட்டும் இடம் லேசர் இல்லாத அகலம். 333 கிலோஹெர்ட்ஸைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவு மேலே சொன்ன மற்ற ஆட்களின் பங்கு. இந்த ஓட்டம் முழுவதிலும் பரப்பு மாறாமல் நிற்க வேண்டும். இரைச்சல் கூடக் கூடப் பரப்பு குறைந்தால் பொருத்தும் சன்னல் போதவில்லை. கூடினால் மின்னோட்ட இரைச்சல் திறனையும் சேர்த்து ஆட்டுகிறது: சமிக்ஞை செறிவின் இருபடி என்பதால், சராசரித் திறன் மாறாமலே ஏற்ற இறக்கம் மட்டும் அதை உயர்த்திவிடும்.

துடிப்பு லேசர்களில்

செறிவின் ஏற்ற இறக்கமே சமிக்ஞையை உயர்த்தும் என்று கடைசியாகச் சொன்னது நானோநொடிச் சாய லேசர்களில் பெரிய விஷயமாகிறது. 5 நானோநொடித் துடிப்பு ஒன்றின் அகலம் மிகக் குறைந்தது 90 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கலாம். நடைமுறையில் பல முறைகள் ஒன்றாக ஒலித்து அது கிகாஹெர்ட்ஸ் கணக்கில் போகும். முறைகள் ஒன்றோடொன்று விம்முவதால் துடிப்புக்குள் செறிவு கூர்கூராக ஏறி இறங்கும். முற்றிலும் ஒழுங்கற்ற ஒளிக்கு, அதே சராசரிச் செறிவில், இரு ஃபோட்டான் வீதம் ஒரே முறை லேசரைப் போல இரு மடங்கு. முறைகள் குறைவாக இருந்தால் 1-க்கும் 2-க்கும் நடுவே எங்கோ. இந்தப் பெருக்கம் பரப்பையே மாற்றுவதால், பரப்பை எடுத்தாலும் தப்ப முடியாது.

பிளாஸ்மாக்களில் ஹைட்ரஜன் அணுக்களை 205.1 நானோமீட்டரில் இரு ஃபோட்டான் முறையில் எண்ணுகிறவர்கள் இதை ஒரு விகிதத்தால் தாண்டுகிறார்கள். அடர்த்தி தெரிந்த கிரிப்டான் வாயுவை அதே அறையில் நிரப்பி, அதே லேசரால் 204.2 நானோமீட்டரில் அளந்து, இரண்டு பரப்புகளையும் வகுக்கிறார்கள். அலைநீளங்கள் பக்கத்தில் இருப்பதால் ஒளியின் புள்ளியியல் காரணி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, வகுக்கும்போது கழிந்துவிடும். இரண்டு அளவீடுகளுக்கும் நடுவே சாயக் கரைசலை மாற்றினாலோ லேசரின் அலையாக்கியை (ஒளியை உண்டாக்கும் குழியை) திருகினாலோ அந்தச் சமன் போய்விடும், கிரிப்டானிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.